வரிசையில் நின்றவர்கள்

சிங்கப்பூரை ஒட்டிய எங்கள் ஊர் பெக்கான் நானாஸில், எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்காரியை அவள் பிறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். என் அப்பா அன்னாசித் தோட்டத்தில் கிராணி, ஆட்களின் கணக்கை எழுதுபவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு காலையில் அவள் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். அப்பா தோட்டத்துப் பேரேட்டில் எழுதிக்கொண்டார். தோட்டத்து ஆட்களுக்கு அது போதும். கிராணி எழுதினால் சர்க்காரே எழுதின மாதிரி. டவுனுக்குப் போய்ப் பிறப்பைப் பதிய வேண்டும் என்று சொல்லவேண்டியவர் அப்பாதான். சொன்னாரா, மறந்தாரா, தெரியாது.

அறுபதை நெருங்கியும் அவள் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டைதான் இருந்தது. குடிமக்களுக்கான நீல அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. ஒரே மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டு, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்க் கிடந்தாள். சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து வரும் தெம்பு மகளுக்கு இல்லை, கடந்து போகும் உரிமை தாய்க்கு இல்லை.

நீல அட்டை இல்லாதவர்களுக்காகப் போராடும் குழு ஒன்று சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து குடியுரிமை மனுப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும். அவள் பிறந்ததை அறிந்தவர் ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். உயிரோடு மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். சரி என்றேன்.

அந்த வாரம்தான் எல்லோருடைய போனுக்கும் ஒரு வீடியோ வந்தது. குழுவைச் சேர்ந்த ஒருவன் பதிவு அலுவலகத்தில் கவுண்டர் கண்ணாடியை அறைகிறான், கோப்பை வீசுகிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான். உள்ளே ஒரு சின்ன மலாய்ப் பெண் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள். நானும் சர்க்கார் அலுவலகத்தில் முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன். வாட்ஸ்அப்பில் எல்லோரும் ‘ரவுடிக் கூட்டம்’ என்றார்கள், நானும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாரத்தோடு வந்தாள். “அண்ணே, நாளைக்கு கையெழுத்து போட போலாமா?”

“அந்தக் கூட்டத்தோட பாரத்துல என் பேரு வர வேணாம்மா. வீடியோவ பார்த்தியா இல்லையா?”

“நானும் அங்கதாண்ணே இருந்தேன். அவன் ஒருத்தன் கத்தினான், தப்புதான். நாங்க இருபது பேரு காலையிலேருந்து வரிசையில நின்னோம். எங்கள யாரும் வீடியோ எடுக்கலயே.”

முதலில் அவனை விரட்டிவிட்டு வரச்சொல் உன் குழுவை என்று கத்தினேன். அவள் பாரத்தை மடித்து வைத்துக்கொண்டு, என் மனைவி கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள். பிறகு குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவனை ஒதுக்கி வைத்துவிட்டதாகவும், அந்தக் கவுண்டர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். வாசல் கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினேன்.

என் அலுவலகத்திலும் கை நீட்டி லஞ்சம் வாங்கியவர்கள் இருந்தார்கள். அதற்காக எங்களை எல்லாம் திருடர்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அந்த நியாயத்தை இவர்களுக்குத் தரவில்லை. அதற்குக் காரணம் அந்த வீடியோ மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அப்பா அவள் பிறப்பைப் பேரேட்டில் எழுதியதோடு விட்டுவிட்டார் என்பதையும் என் கையால் எழுதவேண்டும். எனக்குப் பின்வாங்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்தக் கத்தினவன் வசதியாக அகப்பட்டான்.

சாட்சி போதாது என்று அவள் மனு திரும்பி வந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. இந்தச் சமாதானத்தை நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் அது நிற்கவில்லை.

மறுவருடம் மகள் இறந்துபோனாள். உடல் வேனில் பாலத்தைக் கடந்து வந்தது. பெட்டியில்தான் அவள் மகளைப் பார்த்தாள். அவளோடு அன்று வரிசையில் நின்ற பெண்கள்தான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. “பாரம் இருந்தா குடும்மா. இன்னிக்கே போய் கையெழுத்து போட்டுடறேன்,” என்றேன்.

அவள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குரலில் கோபமே இல்லை.

“இனிமே நான் எங்கண்ணே போகப்போறேன்?”