எவலீனா சொன்ன பெயர்கள்

எவலீனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அமெரிக்காவின் தென்கரையை ஒட்டிய எங்கள் தீவில் யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டால், ஐந்து தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவாள். கல்யாணம் பேசுகிறவர்கள்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

அவள் சொல்லும் பெயர்களில் முதல் பெயர் கஃபி. அடிமையாகப் பிறந்தவர். விடுதலை வந்தபின், உள்நாட்டுப் போரில் சிப்பாயாக வாங்கிய சம்பளத்தைச் சேர்த்துக் கடலோரத்தில் முப்பது ஏக்கர் வாங்கினார். உயில் எழுதவில்லை. எழுத வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கோர்ட்டு வாசற்படியில் நிற்கவைத்துத்தான் அவருடைய தாயை ஏலம் விட்டார்கள். "ஒருத்தன் பேர்ல காகிதம் இருந்தா பிடுங்கிக்குவான். எல்லாருக்கும் பொதுவா இருந்தா யார்கிட்டேர்ந்து பிடுங்குவான்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

நூறு வருஷம் அந்தப் பேச்சே பட்டாவாக இருந்தது. கணவனை இழந்த எவலீனாவும் அவள் தம்பி ஐசக்கும் அங்கே தக்காளியும் வெண்டையும் போட்டுப் பிழைத்தார்கள். ஓடைக்கரை ஓக் மரத்தடியில் குடும்பக் கல்லறை. பதினோரு வயதில் காய்ச்சலில் போன அவளுடைய ஒரே மகள் டெல்பின் அங்கேதான் படுத்திருந்தாள். கடைசியாகப் பால் குடித்த நீலக் கோப்பையை எங்கள் வழக்கப்படி மண்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கரையிலிருந்து தீவுக்குப் பாலம் வந்தது. பாலத்தின் பின்னாலேயே ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் கட்டுகிற கம்பெனி வந்தது. நிலத்தை விலைக்குக் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது ஆள்மேல் ஐசக் நாயை ஏவிவிட்டான்.

நான்காவதாக வந்த வெள்ளைக்கார இளைஞன் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான்.

"மிஸஸ் கிரேசன், உள்ளே வரலாங்களா?"

சிப்பி உடைக்கும் கொட்டகையில் முப்பது வருஷம் வேலை செய்தவள் அவள். பேரன் வயதுள்ள வெள்ளைக்காரப் பையன்கூட "ஏய் எவலீனா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஒரு 'மிஸஸ்' அவளை உருக்கிவிட்டது. தக்காளிச் சோறும் இறாலும் போட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"பழைய குடும்பங்களோட சரித்திரம் எழுதறேன். உங்களைக் கேட்டா போதும்னாங்க."

மூன்று மத்தியானம் சொன்னாள். யாருக்கும் சொல்லாததையும் சொன்னாள். "என் அத்தை ரோடா நியூயார்க்ல ஒரு பையனைப் பெத்தா. லூஷியஸ்னு பேரு. அங்கேயே ஒரு அனாதை இல்லத்துல விட்டுட்டுச் சாகறதுக்கு இங்க வந்தா. என்கிட்ட மட்டும்தான் சொன்னா."

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுபோய்க் கம்பெனியிடம் கொடுத்தான். கம்பெனி லூஷியஸைத் தேடிப் பிடித்து, அவன் பங்கை எழுதி வாங்கியது. பொதுச் சொத்தில் ஒரு பங்கு கையில் இருந்தால் போதும், முழு நிலத்தையும் விற்றுப் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம். போட்டார்கள். லூஷியஸ் ரோடாவின் மகன்தான் என்பதற்கு எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. எவலீனாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் ஐசக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஒரே வார்த்தை. தெரியாதுன்னு சொல்லிடு. நம்ம வக்கீலே சொல்லிட்டார், அது போதுமாம்."

"அந்தப் பையன்கிட்ட அவ்வளவும் சொன்னேனேடா."

"வாய்க்கு வந்ததை உளறினேன்னு சொல்லு. கறுப்புக் கிழவி உளறுவான்னு நம்பறதுக்கு இவங்களுக்குக் கசக்கவா போகுது?"

அவன் வக்கீலைத் தேடி நகர்ந்ததும், பெஞ்சில் இருந்து ஓர் ஆள் எழுந்து வந்தான். யாரோ கொடுத்த பெரிய கோட்டு, தீராத இருமல். ஆனால் அந்த நெற்றி அவளுடைய அப்பாவின் நெற்றி.

"நீங்கதான் எவலீனாவா? கம்பெனிக்காரன் குடுத்த காகிதத்துல எங்கம்மா பேரு ரோடான்னு போட்டிருக்கு. நெசந்தானா?"

"நிலத்தை எழுதிக் குடுத்துட்டுல்ல வந்து கேக்கற?"

"நிலம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. கையெழுத்துப் போட்டா வைத்தியத்துக்குத் தர்றேன்னாங்க. அம்பது வருஷமா எனக்கு அம்மா பேரே கிடையாது." கொஞ்ச நேரம் இருமினான். "வேணாம்னு வீசிட்டுப் போனவளா அவ?"

உள்ளேயிருந்து எவலீனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பைபிளில் கை வைத்தாள். கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்தத் தடவை மிஸஸ் இல்லை.

"எவலீனா, சொல்லு. இந்த ஆள் உன் அத்தை ரோடாவோட மகனா?"

எதிரே ஐசக் யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் கண்ணுக்குள் டெல்பின் படுத்திருந்தாள். இல்லை என்ற ஒரு சொல்லில் மகளைக் காப்பாற்றிவிடலாம். கடைசி வரிசையில் லூஷியஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, தீர்ப்பு தனக்குத்தான் என்பதுபோல நின்றிருந்தான்.

"ரோடாவோட மகன்தான்" என்றாள். "அவ வீசிட்டு வரல. காசநோய், புள்ளைக்கு ஒட்டிக்கும்னு பயந்து விட்டுட்டு வந்தா. உசுரு போற வரைக்கும் லூஷியஸ், லூஷியஸ்னுதான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் வக்கீல்.

கடைசி வரிசையில் ஓர் ஆண்பிள்ளை குலுங்கி அழுதான். ஐசக் எழுந்து வெளியே போய்விட்டான்.

அறுபத்திரண்டு வாரிசுகளுக்கு நிலத்தைக் கூறு போட முடியாது, மொத்தமாக விற்கவேண்டும் என்று தீர்ப்பானது. கஃபியின் தாயை விற்ற அதே படிக்கட்டில் ஏலம் நடந்தது. தேவாலயத்தில் திரட்டிக் கொண்டுபோன பணம் கம்பெனி கேட்ட முதல் விலைக்கே போதவில்லை. ஐசக் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு சவானா நகரத்துக்குப் போனான். போகிறபோது, "வேற யாராவது காட்டிக் குடுத்திருந்தா மன்னிச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னான்.

எவலீனா பிழைப்புக்காக, அந்த நிலத்தில் எழுந்த ஹோட்டலிலேயே அறை துடைக்கப் போனாள். குடும்பக் கல்லறை கம்பெனி போட்ட வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. டெல்பின் பிறந்த நாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தேவாலய உடுப்போடு கேட்டில் போய் நின்றாள். காவலுக்கு இருந்தவன் முன்பு ஐசக்கின் படகில் வலை இழுத்த மோசஸ்.

"யாரைப் பார்க்கன்னு எழுதணும், அக்கா."

"என்னடா மோசஸ், உனக்குத் தெரியாதா? டெல்பினைப் பார்க்கணும்."

அவன் குனிந்துகொண்டான். "பட்டியல்ல பேரு இல்லாம விட்டா என் வேலை போயிடும். நாளைக்கு யூனிஃபார்மோட வாங்க அக்கா. வேலை முடிஞ்சு போறப்ப பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போங்க, நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்."

"நாளைக்கு அவ பொறந்த நாள் இல்லையே" என்றாள் எவலீனா.

பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. மோசஸ் கேட்டைத் திறக்க ஓடினான். அவள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.