நாயைச் சைவமாக்கிய தவக்காலம்

தோட்டவெளி என்ற ஊரில் கல்வீடு கட்டினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன மணலில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் எடுத்தேன். கீரிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கிற வாடி போட்டேன், இரண்டு வள்ளம் இறக்கினேன். பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சுத்தியலும் இந்த வாயும். நாய்க்குக்கூட ஓடு போட்ட கூடு கட்டிக் கொடுத்தவன் நான்.

அந்த நாய் என் இளைய மகளின் உயிர். போன தவக்காலத்தில் நான் அதைக் கொல்லப் பார்த்தேன் என்று சொல்லித் திரிகிறாள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மீன் பிடிக்கிறவன் மீன் தின்னாமல் இருந்தால்தான் அது ஒறுத்தல். என் வீட்டுச் சோறு தின்கிற எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நாய்க்கும் சோறும் பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். அதுவும் நக்கித் தின்றது. பக்தியுள்ள நாய் என்று கோயில் வாசலில் பெருமையடித்தேன். மூன்றாம் வாரம் அது கூட்டை விட்டு எழும்பவில்லை.

மகள் அழுதபடி அதை ஆட்டோவில் ஏற்றினாள். நானும் போனேன். மிருக வைத்தியர் இளம் பெண். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். பல்லைச் சுற்றிய முரசு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள், ஐயா?"

"நாங்கள் சாப்பிடுறதுதான். பருப்பு, சொதி."

"வெங்காயம் போடுறனீங்களோ?"

"போடாமல் சொதி வைக்க ஏலுமோ, டொக்டர்?"

"வெங்காயம் நாயின்ர இரத்தத்தைக் கெடுக்கும். இனி அது வேண்டாம். உப்பு, தூள் ஒண்டும் போடாமல் மீன் அவிச்சு, முள்ளெல்லாம் எடுத்து, சோறும் கொஞ்சம் பூசணிக்காயும் சேர்த்துக் குடுங்கோ. இடைக்கிடை ஈரலும் குடுங்கோ."

"இது தவக்காலம், டொக்டர்."

"நாய்க்கு ஞானஸ்நானம் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப மீன் தின்னலாம்."

மகள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வீட்டு அடுப்பில் மீன் ஏற மனைவி விடவில்லை. வீட்டு வளவின் பின்பக்கம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். வாடியில் அப்போது சூடை மீன்தான் இருந்தது. அதில் சதையை விட முள் அதிகம். ஒவ்வொன்றாக விரலால் தடவித் தடவி எடுத்தேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் முள் எடுத்துக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வீட்டுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணை, மீன் மணக்குது?"

"நாய்க்குத்தான், தம்பி."

"ஓம் ஓம். எங்கட வீட்டிலயும் ஒரு நாய் வளர்க்கத்தான் வேணும்."

நான் அடுத்த முள்ளை எடுத்தேன். தவக்காலம் முடியும்வரை தினமும் கையெல்லாம் மீன். ஒரு துண்டுகூட என் வாய்க்குப் போகவில்லை. உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து வந்தோம். நாய் வாசல் படலைவரை ஓடிவந்து மகள் மேல் பாய்ந்து அவளுடைய புதுச் சட்டையை அழுக்காக்கியது.

இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் மகள் சொல்வது, "டொக்டர்தான் காப்பாத்தினவ." சரி, வழி சொன்னவர் அவர்தான். வெங்காயம் போட்டவன் நான்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அத்தனை முள்ளையும் எடுத்தது யார்? மகளே, இதை வாசித்தபிறகு டொக்டர் பெயருக்குப் பின்னால் "அப்பாவும்" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால், சத்தமாக.