சட்டைக்கையிலை மிஞ்சாத ஒட்டு

டென்மார்க்கிலை எங்கடை பிராண்டே ஊருக்கு வந்து "தாரகன்" எண்டு கேட்டால் சனம் விளங்காமல் முழுசும். "துவக்குத் தாரகன்" எண்டு கேட்டுப் பாருங்கோ, கோயில் ஐயர் வரைக்கும் எங்கடை வீட்டுக்கு வழி சொல்லுவினம். அந்தத் துவக்குத் தாரகனோடை இருபத்தாறு வருசமாய்க் குடும்பம் நடத்துறவள் நான், சாரங்கி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் எண்டு ஊர் சொல்லும். சொல்லட்டும். நான் சொல்லாட்டி இந்தக் கதையை ஒருத்தரும் சொல்ல மாட்டினம், அவர் கட்டாயம் சொல்ல மாட்டார்.

மனுசனுக்கு ஐம்பத்திரண்டு வயசு. காற்றாலைக்குச் செட்டை செய்யிற பக்டரியிலை தேய்க்கிற வேலை. வீட்டுக்குள்ளை சிலந்தி வந்தாலும் கிளாசாலை மூடிக் கொண்டுபோய்த் தோட்டத்திலை விடுற ஆள். அப்பிடிப்பட்ட மனுசன் பதினைஞ்சு வருசத்துக்கு முதல் ஒரு நாள் வந்து, வேலையிடத்து டேனிஷ்காரர் தன்னை ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவை, பிஸ்டல் பழகப் போறன் எண்டு சொன்னவர். நான் கையிலை வைச்சிருந்த அகப்பையைப் போட்டிட்டன்.

"உங்களுக்கு என்ன விசரே? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனமல்லோ நாங்கள்?"

"அங்கை ஊரிலை துவக்கு ஆளைத் தேடி வந்தது, சாரு. இஞ்சை நான் மட்டையைத் தேடிப் போறன்" எண்டார். அவ்வளவுதான் விளக்கம்.

உது நிண்ட இடத்திலை நிண்டு வட்டத்துக்குச் சுடுற விளையாட்டில்லை. பலகைச் சுவர், யன்னல், கதவு எல்லாம் அடிச்சு ஒரு சின்ன வீடு மாதிரிக் கட்டி வைச்சிருப்பினம். அங்கங்கை சுடுறதுக்கு மண்ணிறக் காட்போட் மட்டையள் நிக்கும். மணி "பீப்" எண்டால் ஓட வேணும், ஓடி ஓடி ஒவ்வொரு மட்டைக்கும் இரண்டு வெடி வைக்க வேணும். நேரமும் கணக்கு, எங்கை பட்டது எண்டதும் கணக்கு. நடு எண்டால் ஆல்ஃபா. படாமல் போனால் அதுக்குப் பேர் மைக், புள்ளி வெட்டு விழும். விரல் பிழையான இடத்திலை இருந்தாலே வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். மருந்துக்கும் ஒரு கோபக்காரன் அங்கை இல்லை எண்டதைப் போய்ப் பாத்தபிறகுதான் நம்பினன்.

நான் முதல் போனது சண்டை பிடிக்கத்தான். குளிருக்குள்ளை சும்மா நிக்க ஏலாமல் ஒட்டு ஒட்டத் தொடங்கினன். ஒருத்தர் சுட்டு முடிய, புள்ளி எழுதின பிறகு மட்டையிலை இருக்கிற ஓட்டையளை மண்ணிறச் சதுர ஒட்டாலை மூட வேணும், அடுத்த ஆளுக்கு மட்டை புதுசாய் இருக்க வேணுமே. நான் வயோதிபர் இல்லத்திலை வேலை செய்யிறவள், பிளாஸ்டரை வெட்டி ஆயத்தமாய் வைக்கிற பழக்கம். எட்டு மட்டை எண்டால் பதினாறு ஒட்டை முதலே கழட்டி ஜக்கெற்றின்ரை இடது கையிலை வரிசையாய் ஒட்டி வைப்பன். ஓட்டைக்கு ஒண்டு. கடைசியிலை கையிலை ஒரு ஒட்டு மிஞ்சினால் எங்கையோ ஒரு மைக்.

மனுசன் சுட்டு முடிச்சு, பிஸ்டலை வெறுமையாக்கிக் காட்டி உறையிலை வைச்சு, மட்டையளைச் சுத்தி வந்தபிறகு பாக்கிறது என்ரை சட்டைக்கையைத்தான். கை வெறுமையாய் இருந்தால் பல்லு முழுக்கத் தெரியச் சிரிப்பார். மற்றவை, டேனிஷ்காரர், புள்ளி எழுதுற ரப்லெற்றைப் பாப்பினம். பெத்த தாய் எழுதிக் குடுத்தாலும் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாய் வாசிச்சுத்தான் கடைசிப் பொத்தானை அமத்துவினம். அமத்தினால் முடிஞ்சுது. அதுக்குப்பிறகு எழுதினவரும் கூப்பிட்டுச் சொன்னவரும் சுட்டவரும் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் திருத்தலாம்.

இனி நிருபனைப் பற்றிச் சொல்ல வேணும். பெயரைச் சொல்லவே வயிறு எரியுது.

ஒன்பது வருசத்துக்கு முதல் டோஸ்ட்ருப் எண்ட ஊரிலையிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவன். குடும்பம் பிரிஞ்சு தனிய நிண்டவன். எனக்குக் கூடப் பிறந்த ஆம்பிளையள் இல்லை. அவன் முதல் நாளே "அக்கா" எண்டான், நானும் உருகிப்போனன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை தாய்மாமன் இடத்திலை நிண்டு தேங்காய் உடைச்சவன் அவன்தான். வெள்ளிக்கிழமைச் சோறு எங்கடை வீட்டிலை. வீட்டுக் கதவுத் திறப்பு ஒண்டும் அவனிட்டை இருந்தது.

அவனைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் இவர்தான். இஞ்சை சொந்தமாய் ஒரு பிஸ்டல் வைச்சிருக்க வேணுமெண்டால் வருசக்கணக்காய்க் கிளப்பிலை பழகி, பொலிஸ் அனுமதி எழுதிக் குடுக்க வேணும். அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு வியாழனும் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு போய், எப்பிடி நிக்கிறது, எப்பிடி மூச்சு விடுறது எண்டு சொல்லிக் குடுத்தவர். "மச்சானுக்குக் கை நல்லாய் வருது, சாரு" எண்டு தன்ரை பிள்ளை பாஸ் பண்ணின மாதிரிச் சந்தோசப்படுவார்.

இவருக்கு ஒரே ஒரு ஆசை. ஐம்பது தாண்டின ஆக்களுக்கெண்டு டென்மார்க் குழு ஒண்டு இருக்கு. நாலு பேர். வெளிநாட்டுப் பெரிய போட்டிக்குப் போவினம். சிவப்புச் சட்டை, நெஞ்சிலை கொடி, முதுகிலை பேர். முப்பத்தாறு வருசம் இந்த நாட்டிலை இருந்து, வரியும் கட்டி, செட்டையும் தேய்ச்சு, இன்னும் கடையிலை "எங்கையிருந்து வந்தனீங்கள்?" எண்டு கேக்கிற சனத்துக்கு நடுவிலை அந்தச் சட்டையை ஒருக்காப் போட வேணும் எண்டு அவருக்கு. வாயாலை சொன்னதில்லை. கொம்பியூட்டரிலை அந்தச் சட்டைப் படத்தைத் திறந்து வைச்சிருக்கிறதைக் கண்டனான்.

இந்த வருசம் மூண்டு பேரைத் தெரிவு செய்தாச்சு. நாலாவது இடத்துக்கு மே மாசப் போட்டிதான் முடிவு. புள்ளியிலை கிட்டக் கிட்ட நிண்டது இரண்டே பேர். ஒருத்தர் இவர். மற்றது, தை மாசம் ஐம்பது முடிஞ்ச நிருபன்.

"ஆர் போனாலும் வீட்டுக்குள்ளைதானே" எண்டார் மனுசன். போட்டியிலை புள்ளி எழுதுற முறையும் நிருபனுக்குத்தான் எண்டு தெரிஞ்சு, முதல்நாள் நான் சொன்னனான். "நம்ப நட, நம்பி நடவாதே எண்டு சும்மாவே சொன்னவை? நாளைக்கு எண்டாலும் ரப்லெற்றைப் பாத்து அமத்துங்கோ."

"மச்சான் எழுதினதைச் சனத்துக்கு முன்னாலை கண்ணாடி போட்டு வாசிக்கிறதோ? அவன் என்ன நினைப்பான்? வெக்கக்கேடு."

போட்டியண்டு காத்தெண்டால் காத்து. அஞ்சாவது பலகை வீடு, அதுதான் அஞ்சாவது கட்டம், அதிலை எட்டு மட்டை. போட்டியிலை ஒண்டாய்ப் போற எங்கடை சின்னக் குழுவிலை சுடாமல் நிக்கிற ஆக்கள்தான் மாறி மாறி வேலை பாக்கிறது. பிறேபன் எண்ட கிழவன் மணி பிடிச்சு, மட்டைக்கு மட்டை போய்ப் புள்ளியைக் கூப்பிட்டுச் சொல்லுறவர். நிருபன் ரப்லெற்றிலை அதை அமத்துறவன். நான் பதினாறு ஒட்டோடை பின்னாலை.

மனுசன் அண்டைக்கு ஓடின ஓட்டத்தை நான் பதினைஞ்சு வருசத்திலை கண்டதில்லை. முழங்கால் நோ எண்டு படியிலை முனகிற மனுசனோ இது எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கடைசி மட்டை யன்னலுக்கு வெளியிலை, சரிஞ்சு நிண்டு சுட வேணும். பிறேபன் அதுக்குக் கிட்டப் போய் "டூ ஆல்ஃபா!" எண்டு கத்தினார். இரண்டு ஓட்டையும் நடுவிலை, ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டு. நான் இரண்டு ஒட்டை ஒண்டின்மேலை ஒண்டு அரைவாசி ஏத்தி ஒட்டினன். சட்டைக்கை வெறுமை.

இவர் என்ரை கையைப் பாத்தார். சிரிச்சார். நிருபன் ரப்லெற்றை நீட்ட, என்னைப் பாத்துக்கொண்டே பெருவிரலாலை அமத்தினார்.

பின்னேரம் கிளப் வீட்டிலை கோப்பியும் கேக்கும். சுவர்த் திரையிலை முடிவு விழுந்தது. நிருபன் நாலாவது இடத்துக்குத் தெரிவு, தாரகன் மயிரிழையிலை பின்னாலை. அஞ்சாவது கட்டத்திலை தாரகனின்ரை பேருக்கு நேரை பதினைஞ்சு ஆல்ஃபா, ஒரு மைக்.

மனுசன் திரையைப் பாத்தார். பிறகு என்ரை சட்டைக்கையைப் பாத்தார், நான் அந்த ஜக்கெற்றை இன்னும் கழட்டேல்லை. நேரை பிறேபனிட்டைப் போனன்.

"நான்தான் ஒட்டினது. பதினாறு ஓட்டைக்குப் பதினாறு ஒட்டு."

பிறேபன் நல்ல மனுசன். ஆனால் அண்டைக்கு முப்பது தரம் புள்ளி சொன்னவர், ஒருத்தற்றை மட்டையும் ஞாபகத்திலை இல்லை. மட்டையைப் போய்ப் பாப்பம் எண்டால் அதுக்குமேலை எத்தினை பேர் சுட்டு எத்தினை ஒட்டு. சாட்சியை என்ரை கையாலையே மூடிப்போட்டன், பாருங்கோ. அவர் நிருபனைக் கூப்பிட்டுக் கேட்டார். எழுதின ஆள் ஒத்துக்கொண்டால் இப்பவே திருத்தலாம் எண்டும் சொன்னார்.

நிருபன் என்னைப் பாக்கேல்லை. "நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினன். அவர் பாத்து அமத்தினவர்தானே" எண்டான். டேனிஷிலை சொன்னான். ஒன்பது வருசத்திலை எங்களுக்கு முன்னாலை அவன் டேனிஷிலை கதைச்சது அண்டைக்குத்தான். அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை, "அவர்".

நான் வாயைத் திறக்க முதல் இவர் என்ரை கையைப் பிடிச்சிட்டார். "சரி, நான்தான் தவறவிட்டிருப்பன்" எண்டு பிறேபனிட்டைச் சொல்லிப்போட்டு, நிருபனுக்குக் கைகுடுத்தார். வீட்டை வரும்வரைக்கும் காருக்குள்ளை நான்தான் அழுதன். ஆத்திரத்திலை அழுதனான், வேறை ஒண்டுமில்லை.

அடுத்த செவ்வாய், இவர் வேலைக்குப் போன நேரம் பாத்து நிருபன் வந்தான். திறப்பு இருந்தும் மணி அடிச்சுக்கொண்டு நிண்டான். கதிரை நுனியிலை இருந்தான்.

"அக்கா, வேணுமெண்டு செய்யேல்லை. விரல் தவறிப்போய் மைக்கிலை பட்டிட்டுது. கண்டனான். திருத்தத்தான் நினைச்சன். ஆனா அத்தான்..." நிப்பாட்டிப்போட்டுச் சொன்னான், "அத்தான் பாத்திருந்தால் சொல்லியிருப்பார், நானும் திருத்தியிருப்பன். அவர் பாக்காமல் அமத்திப்போட்டார். எனக்கும் ஆசை இருந்தது, அக்கா."

கேட்டியளோ கதையை! நம்பினது எங்கடை பிழையாம்!

"இப்ப போய்ப் பிறேபனிட்டை இதைச் சொல்லு" எண்டன்.

"சொன்னால் கிளப்பாலை கலைச்சுப்போடுவாங்கள். பிஸ்டல் அனுமதியும் போகும்."

"அந்த அனுமதிக்கு உன்னை ஏத்தி இறக்கினது ஆரடா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்து போட்டு அக்கா எண்டு வாறியோ? திறப்பை மேசையிலை வைச்சிட்டு எழும்பு!"

வைச்சான். போனான்.

இவர் வந்து மேசையிலை திறப்பைக் கண்டார். எல்லாத்தையும் சொன்னன். பிறேபனுக்கு இப்பவே போன் எடுக்கப் போறன் எண்டும் சொன்னன். மனுசன் சப்பாத்தைக் கழட்டாமல் கதிரையிலை இருந்தார். "சட்டை போனது போகட்டும், சாரு. திரையைப் பாத்தவுடனை எனக்கு விளங்கினது. அண்டைக்கு அவன் ஒரு சொல்லுத் தமிழிலை சொல்லியிருந்தால் போதும் எனக்கு" எண்டார். என்ரை மனுசன் அழுது நான் கண்டது அண்டைக்குத்தான். போன் எடுக்க விடேல்லை.

ஆவணியிலை கிளப்பிலை சின்னப் போட்டி. நிருபன் அந்தச் சிவப்புச் சட்டையோடை வந்து நிண்டான். நாலஞ்சு பேர் முதுகிலை தட்டினவை. எங்கடை குழுவிலை ஆள் குறைவு, ரப்லெற் திரும்பவும் அவன்ரை கையிலை.

மனுசன் சுட்டு முடிச்சார். என்ரை சட்டைக்கை வெறுமை. அவர் என்ரை கையைப் பாக்கேல்லை. நிருபன் ரப்லெற்றை நீட்டி, மெல்லமாய் "எல்லாம் சரி, அத்தான்" எண்டான்.

இவர் மேல்பொக்கற்றிலையிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைச்சார். போட்டார். ரப்லெற்றை அவன்ரை கையிலையிருந்து வாங்கி, முதல் மட்டையிலையிருந்து விரல் வைச்சு ஒவ்வொரு வரியாய் வாசிச்சார். நிண்ட டேனிஷ்காரருக்கு அதிலை ஒண்டும் புதினமில்லை, அவையள் எப்பவும் செய்யிறதுதானே. நிருபன்ரை முகம் மட்டும் செத்துப்போச்சு. கடைசி வரி வரைக்கும் வாசிச்சுப்போட்டு அமத்தினார். ரப்லெற்றைத் திருப்பிக் குடுத்தார்.

"தாக்" எண்டார்.

டேனிஷிலை நன்றி. பால்காரனுக்கும் பஸ்காரனுக்கும் சொல்லுற நன்றி. எங்கடை சனத்திலை சொந்தத்துக்கு ஆரும் நன்றி சொல்லுவினமோ?