அத்தானின் டிரம்மும் அப்பாவின் அடக்கமும்

எங்கள் அத்தான் அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸில் பிறந்தவர். தாய் துணி வெளுத்து வளர்த்தார். சிறு வயதிலேயே ஜாஸ் குழுக்களில் டிரம் அடித்தார். கறுப்பர் என்பதால் ஹோட்டல்களில் பின்கதவால்தான் விடுவார்களாம். கப்பல் வாத்தியக் குழுவோடு நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. "இங்கே முன்கதவு" என்பார்.

பகலில் நியூ லின்னில் மரம் விற்கும் மரக்காலையில் வேலை. சனிக்கிழமைகளில் டிரம். நர்ஸாக இருந்த என் அக்காவை மணந்தார். மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் தாளம்தான்.

"கையை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன், ரசம் சிந்துது" என்று அக்கா ஏசுவார்.

"ஓம், ஓம்" என்பார். விரல் நிற்காது.

படுக்கையில் விழுந்த அப்பாவை இரண்டு வருடம் குளிப்பாட்டியவர் அவர். நான் மாஸி என்ற புறநகரில் இருந்து ஞாயிறுகளில் மட்டும் வந்தேன்.

அப்பாவின் அடக்கத்தன்று அத்தான் டிரம்மோடு மாதா கோயில் வாசலில் நின்றார். அவர்கள் ஊரில் பெட்டிக்கு முன்னால் டிரம் அடித்து நடப்பது மரியாதை. டிரம்மின் அடித்தோலுக்கும் அதில் அதிரும் கம்பிக்கும் இடையில் கைக்குட்டை செருகி ஓசையை மங்கச் செய்வார்கள். எல்லாம் முடிந்ததும் அதை எடுத்துவிட்டு முழு ஓசையில் அடிப்பார்கள்.

எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் பறை அடிக்க வருபவரை நாங்கள் வளவுக்குள் விட்டதில்லை. சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன்.

"அத்தான், அதைக் காரிலை வையுங்கோ. எங்கடை ஆக்கள் நிக்கினம்."

"சரி மச்சான்."

வைத்துவிட்டு வந்து கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் சுவாசப்பை நோயில் கிடந்தபோது சொல்லத்தான் போனேன். "சாப்பிட்டாயா மச்சான்?" என்று கேட்டார். ஓம் என்று வந்துவிட்டேன். அதுதான் கடைசி.

அவர் அடக்கத்துக்கு அவரோடு வாசித்த கிழவர் ஒருவர் வந்து, அடிக்கலாமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். டிரம்மைத் தூக்கக் கிழவருக்குப் பலமில்லை. வாரை என் கழுத்தில் மாட்டி, பெட்டிக்கு முன்னால் நடந்தேன். அவர் பக்கத்தில் நடந்து அடித்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பெட்டி சுமந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

அத்தானின் அடக்கத்தன்று செருகிய கைக்குட்டை இன்னும் டிரம்மில்தான் இருக்கிறது. இன்று ஓராண்டுப் பூசை முடிந்ததும் கல்லறையில் அக்கா அதை எடுப்பார். அதுவரை போகாமல் நில்லுங்கள்.