அக்காவின் சாமான்களுக்கு வண்டி பேசியது

எழுபதுகளின் கடைசியில் நான் திருத்தணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான்.

அவள் புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். வீட்டை ஒட்டின கொட்டகையில் அவருக்கு நான்கு பவர்லூம் ஓடியது. தறி ஓடும்போது அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் முதலில் எல்லாம் அடிப்பார் என்று அக்கா சொன்னாள். போகப் போக, கேட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. பிள்ளை இல்லாதது ஒரு காரணம். குழம்பு ஆறிப்போனது ஒரு காரணம். காரணமே இல்லாத நாட்களும் இருந்தன.

ஒரு நாள் மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றாள். ஒரு காது வீங்கி, முந்தானையால் மூடியிருந்தாள். எனக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது, இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே பார்த்த வீட்டில் இரண்டு பேரும் இருந்துவிடலாம், இப்படியே பஸ் ஏறு என்றேன்.

"சாமான விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள். "தையல் மிஷினு, பீரோ, அம்மா குடுத்த பாத்திரம். கைய வீசிகினு வந்தா ஓடிப்போனவள்னு சொல்லுவாங்க. வண்டி வெச்சி ஏத்திகினு வந்தாதான் குடித்தனம் மாத்தினதா ஆவும்."

வண்டி பேசுவது என் பொறுப்பாயிற்று.

ஊரில் இருந்த லாரி ஆபீஸ்காரர்களை எல்லாம் எனக்குக் குரலாகத் தெரியும். வெளியூர் டிரங்கால் தாமதமானால் சிலர் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஒருவர் மட்டும் "பரவால்லம்மா, மெதுவா போடுங்க" என்பார். அவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். நேரில் போய், இந்த வீடு, இன்ன நாள், அது பாவா நூல் வாங்க மெட்ராஸ் போகிற நாள், விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ஆங், கவலைப்படாதீங்க, நம்ம வீட்டு வேல மாதிரி முடிச்சிக் குடுக்கறேன்" என்றார்.

அன்று நானும் அக்கா வீட்டுக்குப் போய் மூட்டை கட்டிக் காத்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு லாரி வந்தது. முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், பாவா உட்கார்ந்திருந்தார்.

அவர் அவசரப்படவில்லை. இறங்கினார். கொட்டகைக்குள் போய்த் தறிக்குப் போடுகிற தோல் பெல்ட்டை எடுத்து வந்தார். கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அக்காவை மயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். நான் குறுக்கே போனேன். ஒரே தள்ளு, சுவரில் போய் விழுந்தேன்.

"உன்ன அடிக்க மாட்டேன். நீ பாத்துகினு இரு" என்றார்.

பார்த்தேன். முதுகில், தொடையில், தலையில். அவள் கையால் முகத்தை மூடியபோது கையை விலக்கி, பெல்ட்டின் பித்தளைக் கொக்கி இருக்கிற பக்கத்தால் வாயில் அடித்தார். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். கடைசியில் பாவா கை ஓய்ந்து பீடி பற்ற வைத்தார். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் அந்த லாரி ஆபீஸ்காரருக்கு நானே போன் போட்டேன். "குடும்ப விஷயம் பாருங்கம்மா. அவரு நமக்கு மாசாமாசம் லோடு குடுக்கறவரு" என்றார். அதே இதமான குரல். நான் ஒயரைப் பிடுங்கினேன். அவருடைய இணைப்பு அன்று முழுக்க வேலை செய்யவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பற்கள் போனது என் கணக்கு என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை வண்டி பேசும்போது வண்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் போய் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். உங்களுக்கு அவரைத் தெரியுமா? யாராவது வழிமறித்தால் என்ன செய்வீர்கள்? ஒருவர், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். இன்னொருவர் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். மூன்றாவது ஆள் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல், நான் கல்யாணமானவளா என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த பாயிடம் ஒரு பழைய மெட்டடார் வேன் இருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்தால் வள்ளென்று விழுகிற ஆள். வண்டிக்கு அடியில் படுத்தபடியேதான் பேசினார்.

"யாரு ஊட்டு சாமான்?"

"எங்க அக்காது."

"புருசன் குறுக்க வருவானா?"

"வரலாம்."

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வண்டிய ரிவர்ஸ்ல உள்ள விடணும். மூஞ்சி ரோட்ட பாத்து இருக்கணும். எத்தினி படி? பீரோ வாசல்ல நுழையுமா, கழட்டணுமா?" என்றார். பிறகு, "அடி உழுந்தா தாங்குவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. எஞ்சின ஆஃப் பண்ண மாட்டேன். அவ்ளோதான்" என்றார்.

நான் அதுவரை கேட்ட பேச்சிலேயே நம்பும்படியான பேச்சு அதுதான்.

ஆடிக் கிருத்திகை அன்று வைத்துக்கொண்டோம். பாவா வருஷா வருஷம் திருத்தணி மலைக்கு மொட்டை போட்டுக் காவடி எடுப்பார். போனால் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். காலையில் வேன் போய்ச் சேர்ந்தபோது தெருவே மலைக்குப் போயிருந்தது. பாயும் நாங்கள் இரண்டு பேரும்தான் ஏற்றினோம். பாத்திர மூட்டை ஏறியது, மிஷின் ஏறியது. பீரோவை வாசல்வரை நகர்த்தியிருப்போம், அதற்குள் பாவா வந்துவிட்டார்.

கூட்டத்தில் படியேற முடியவில்லையோ, யாராவது போய்ச் சொன்னார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மொட்டைத் தலையில் சந்தனம், மஞ்சள் வேட்டி, கூட இரண்டு தறிக்காரர்கள். வந்த வேகத்தில் ஒரு கல்லைத் தூக்கி வேனின் முன்கண்ணாடியில் போட்டார். பாய் பீரோவை விட்டுவிட்டு ஓடி ஸ்டீயரிங்கில் ஏறினார். "ஏறுங்கமா!" என்று கத்தினார். நான் ஏறினேன். அக்கா ஏறுவதற்குள் அந்த இரண்டு பேரும் பாயைக் கதவு வழியாகக் கீழே இழுத்துப் போட்டார்கள். ஒருவன் மார்பில் உட்கார்ந்தான். பாவா அதே கல்லை எடுத்து பாய் நெற்றியில் இறக்கினார். ரத்தம் கண்ணை மூடிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பாவா இரண்டாம் தரம் கல்லைத் தூக்கினார்.

அக்கா சீட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கி ராடை உருவினாள். சத்தம் போடவில்லை. பின்னாலிருந்து வந்து, தூக்கிய கையில் போட்டாள். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி எலும்பு சத்தம் கேட்டது. கல் விழுந்தது. இரண்டாவது அடி முழங்காலில். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு பேரும் பாயை விட்டுப் பின்வாங்கினார்கள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அவள் நிதானமாக ராடை மறுபடி ஓங்கி, விழுந்து கிடந்தவரின் வாயில் அடித்தாள்.

அந்த அடிக்கு அவசியம் இல்லை. நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நினைத்தால் இப்போதும் சந்தோஷம்தான்.

பாய் எழுந்து, ஒரு கண்ணைச் சட்டையால் துடைத்துக்கொண்டு ஓட்டினார். முன்கண்ணாடி இல்லாமல் காற்றும் புழுதியும் முகத்தில் அடித்தன. மடியெல்லாம் கண்ணாடித் தூள். திருத்தணி வழியில் காவடிக் கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அரோகரா சொல்வதை நிறுத்தினார்கள். அக்கா ராடை மடியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் நெற்றியில் ஒன்பது தையல் போட்டார்கள், அரக்கோணம் ஆஸ்பத்திரியில்.

பாவா பக்கத்து ஆட்கள் புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் பாய், "நான்தான் சார் அடிச்சேன்" என்றார். அக்கா உடனே, "அவரு பொய் சொல்றாரு. நான் அடிச்சேன். கை, காலு, வாய். எழுதிக்குங்க" என்றாள். எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பொண்டாட்டி கையை உடைத்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட பாவாவுக்கு மனசு வரவில்லை. இரண்டு நாளில் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாங்களும் புகார் கொடுக்கவில்லை.

பாய் சொன்ன வாடகைக்கு மேல் வாங்க மறுத்தார். கண்ணாடிக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "வண்டி என்னுது, கண்ணாடி என்னுது" என்று வள்ளென்று விழுந்தார்.

அக்கா அரக்கோணத்தில் ரவிக்கை தைத்துச் சம்பாதித்தாள். பாவா ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து எதிர்ச்சாரியில் நின்றார். கை கோணலாகச் சேர்ந்திருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்தவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அவர் போகிற வரைக்கும் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், ஊசியில் நூல் கோத்துக் கொடு, கண் தெரியவில்லை என்றாள். அவள் விரல்கள் அப்படி ஆடின.