ம் கொட்டியவன்

இது எனக்கு நடந்தது. நானே கட்டிய கதையாக இருந்தால் முடிவைக் கொஞ்சம் இதமாக வைத்திருப்பேன். எனக்கு அந்த அளவுக்கு நல்ல மனசு உண்டு. நேரங்களைக்கூடச் சரியாகச் சொல்ல முடியும். கணினித் திரையின் மூலையில் கடிகாரம் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது நான் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தேன். ப்ராஜெக்ட்டுக்கு மூன்று மூன்று பேராகச் சேரச் சொன்னார்கள். வகுப்பில் அறுபத்தொரு பேர். மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று வரும். அந்த மீதி நான். என்னை யாரும் விரட்டவில்லை, ஆனால் யாரும் கூப்பிடவும் இல்லை. வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

என் ப்ராஜெக்ட், தேர்வு அறையில் மாணவர்களுக்கு இடம் ஒதுக்கும் ஒரு ப்ரோக்ராம். ஒரே வகுப்புக்காரர்கள் அடுத்தடுத்து உட்காராதபடி அது பார்த்துக்கொள்ள வேண்டும். நூற்றிருபது பெயர் கொடுத்தால் நூற்றுப் பத்தொன்பது பேருக்குத்தான் இடம் போட்டது. ஒவ்வொரு முறையும் ஒருவன் விடுபட்டான். நான்கு நாளாக மண்டையைக் குடைந்தும் தப்பு பிடிபடவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அப்போது ஓடவில்லை என்றால் பெயில். எல்லோரும் போன பிறகு இன்னொரு வருஷம், முகம் தெரியாத ஜூனியர்களுக்கு நடுவில் தனியாக உட்கார வேண்டும்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்திடம் போய் நின்றேன்.

"வாய் விட்டு யாருக்காவது விளக்கிச் சொல்லு. ஒவ்வொரு வரியா. சொல்லும்போதே தப்பு மாட்டிக்கும்."

"யாருக்கு மேடம்?"

"ஃப்ரெண்டு யாராவது இருப்பாங்கல்ல?"

எங்கள் படிப்பில் இது சகஜம்தான். கேட்கிறவருக்கு ஒன்றும் புரிய வேண்டியதில்லை, எதிரில் இருந்தால் போதும். ஆள் கிடைக்காதவர்கள் மேஜைமேல் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அதனிடம் பேசுவார்கள். என்னிடம் பொம்மைகூட இல்லை.

மாலை 6.10. லேப் வாசலில் லேப் அண்ணா உட்கார்ந்திருந்தார். லேபின் சாவியும் வருகை ரிஜிஸ்டரும் அவர் பொறுப்பு. மூன்று வருஷத்தில் என்னிடம் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்ட ஒரே மனிதர். கையெழுத்துப் போட்டேன்.

"ஒன்பதுக்குப் பூட்டிடுவேன்."

"சரிண்ணா."

உள்ளே அறுபது கணினிகள். என்னுடையது மட்டும்தான் ஓடியது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். 6.35க்கு அம்மா போன் செய்தார்.

"ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து படிக்கிறியாப்பா?"

"ஆமாம்மா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

போனை வைத்தேன். அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அடக்கவும் இல்லை.

7.05. வேறு வழியில்லை. பக்கத்து நாற்காலியை என் பக்கம் திருப்பினேன். ஒரு கை தூரத்தில் வைத்தேன். அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

"இது முதல் வரி. இங்க பெயர்ப் பட்டியலை வாங்கிக்கிறோம்..."

கிறுக்கன் மாதிரி இருந்தது. நல்லவேளை, பார்க்க ஆளில்லை. போகப் போகக் கூச்சம் விட்டுப்போனது. கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

7.20. நாற்பதாவது வரி. "இங்க ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுக்குறோம், சரியா?"

"ம்."

ஏசி சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பழைய மிஷின், எப்போதும் எதையாவது முனகும். தொடர்ந்தேன்.

எழுபதாவது வரி... "ம்."

தொண்ணூறாவது வரி... "ம்."

நான் வரியை முடித்த பிறகுதான் அது வந்தது. ஒருமுறைகூட இடையில் வரவில்லை. ஏசி அப்படிக் காத்திருந்து முனகாது.

7.48. "யாரு?" என்றேன்.



எழுந்து மேஜைகளுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப் அண்ணாவின் தலை தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். முழங்கால் எதிலோ இடித்தது.

நாற்காலி. ஒரு கை தூரத்தில் வைத்தது, இப்போது என் நாற்காலியை ஒட்டி இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. காலை ஒன்பதரை ஒரு காரணம். இன்னொன்று, அத்தனை நாளில் நான் பேசியதை ஒருவர் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.

விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன்.

8.31. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. "இந்தச் சுற்று முதல் பெயர்லேருந்து கடைசிப் பெயர் வரைக்கும் போகும்."

சத்தமில்லை.

மறுபடி சொன்னேன். "கடைசிப் பெயர் வரைக்கும்..."

சத்தமில்லை.

அந்த வரியைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும் என்று நினைத்து எழுதியிருந்தேன். ஆனால் பட்டியலுக்கு நானே ஒன்றிலிருந்துதான் எண் கொடுத்திருந்தேன். அதனால் சுற்று ஒன்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. கடைசி ஆள் வெளியே நிற்கிறான்.

திருத்தி ஓட்டினேன். நூற்றிருபது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"ம்."

காதருகில். மிக அருகில்.

பயம் தலைக்கேறியது. கூடவே சந்தோஷமும் இருந்தது. அந்தக் கலவையில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. ஆளற்ற நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"நாளைக்கும் வருவியா?"

ஒரு நொடி...

இரண்டு...

"ம்."

கன்னத்தில் மூச்சு பட்டது.

8.50. பையைத் தூக்கினேன்.

ஓடினேன்.

மறுநாள் காலை அதே லேபில்தான் தேர்வு. அறுபது பேர் கூட இருந்ததால் உள்ளே போக முடிந்தது. ப்ரோக்ராம் ஓடியது. தேர்வாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பாஸ். மதியம் 1.15க்கு எல்லோரும் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியிறங்கினேன். லேப் அண்ணா கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து உன்கூட இருந்த பையனை ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு. யாராவது பார்த்தா எனக்குத்தான் திட்டு விழும்."

"நான் தனியாத்தான் இருந்தேன்ணா."

"விளையாடாதே. நான் வெளியிலதானே உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் ஒரே பேச்சு."

"அது நான்தாண்ணா. நானே சத்தமா விளக்கிட்டிருந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ எங்க பேசினே? பேசினது பூரா அவன். நீ நடுநடுவுல 'ம்'... 'ம்'... அவ்வளவுதான்."

கஷ்டப்பட்டுக் கேட்டேன்.

"கடைசியா... 'நாளைக்கும் வருவியா'ன்னு கேட்டது?"

"அவன்தான். நீ 'ம்'னு சொன்னே." ரிஜிஸ்டரை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். "அதான் கேக்குறேன், இன்னிக்கும் ஒன்பது வரைக்கும் திறந்து வைக்கட்டுமா?"