இடப்பக்கம் வைக்காத தேசிக்காய்

பயணம் புறப்படும் காலையில் வண்டிச் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் (எலுமிச்சங்காய்) வைப்பது என் கணவரின் வேலை. கற்பூரம் கொளுத்துவதோடு என் வேலை சரி. அன்று கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் எங்கள் வீட்டு வாசலில் பிக்கப் வண்டி தயாராக நின்றது. கட்டிலும் குசினியும் (சமையலறையும்) உள்ள ட்ரெயிலரை அதன் பின்னால் கொழுவியிருந்தோம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வலப்பக்கச் சில்லுகளுக்கு இரண்டு காய்கள் இருந்தன. இடப்பக்கம் ஒன்றுமில்லை.

“மற்ற ரெண்டும் எங்கையப்பா?”

“நாலும் வைச்சிட்டன். வந்து ஏறும்.”

மற்ற இரண்டும் அவருடைய சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தன. வயது போனால் மறதி வரத்தானே செய்யும் என்று சிரித்துக்கொண்டு நானே எடுத்து வைத்தேன். இதைப் படிக்கும் நீங்களும் எங்கள் நிலையில் இருந்தால், இப்படி ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அதுதான் முதல் அறிகுறி என்று யாரும் வந்து சொல்வதில்லை.

அவர் மொன்றியலில் பாண் (ரொட்டி) லொறி ஓட்டியே ஓய்வு பெற்றவர். செயின்ட்-மிஷேல் சந்துகளில் பனிக்காலத்தில் லொறியைப் பின்னுக்கு எடுத்த கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! கிழக்கே கடலோரம் இருக்கும் காஸ்பே வரை ஆறுதலாகப் போய் வருவதென்று திட்டம் போட்டிருந்தோம். இனி எங்களுக்கு என்ன அவசரம் என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆற்றோர வீதியில் போகும்போது வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. “அவனுக்கு ஓடத் தெரியாது” என்றார்.

மத்தியானம் அவருடைய தட்டில் புட்டு பாதி மிச்சம். வலது பாதி மட்டும் துடைத்தெடுத்தாற்போல் முடிந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் போடும்” என்றார்.

“கண்ணுக்கு முன்னாலை கிடக்கிறதை முதல்ல சாப்பிடுங்கோ.”

தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பகிடி விடவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

கர்க்லாண்டில் இருக்கும் மகளுக்குச் சொன்னால் அன்றே திரும்பி வரச் சொல்வாள். அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். புறப்பட முன்னம் கோயிலடியில் எத்தனை பேர் ட்ரெயிலரை எட்டிப் பார்த்து, “இனி உங்களுக்கென்ன!” என்றார்கள். இது நாவூறுதான் (கண்ணூறு) என்று நினைத்தேன். அன்று தங்கிய இடத்தில் விறகை மூட்டி, செத்தல் மிளகாயும் உப்பும் அவருடைய தலையைச் சுற்றி நெருப்பில் போட்டேன். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடியென்றால் அப்படியொரு நெடி. பக்கத்து ட்ரெயிலரில் இருந்தவர் இருமிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவூறும் இல்லையென்றால் இது வேறென்ன?

அடுத்த நாள் ட்ரெயிலர்கள் தங்கும் வேறொரு முகாமுக்குப் போனோம். ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும்போது நான் இடப்பக்கம் பின்னால் நின்று கை காட்டுவேன், அவர் இடப்பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஓட்டுவார். எப்போதும் எங்கள் முறை அதுதான். நிற்கச் சொல்லிக் கையை உயர்த்தினேன். ட்ரெயிலர் நிற்கவில்லை. கத்தினேன். நேராக என்மேல் வந்தது. நான் பாய்ந்து விலக, அது தண்ணீர்க் குழாய்க் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

இறங்கி வந்தார். “கண்ணாடியிலை உம்மைக் காணேல்லை. விலத்தீட்டீர் எண்டு நினைச்சன்.”

“நான் அங்கைதான் நிண்டனான்” என்றேன். வண்டிச் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

முகாம்காரர்கள் அம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் தன் விரலை இடப்புறமிருந்து மெல்லக் கொண்டுவந்தார். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை அது தெரிகிறதென்று என் கணவர் சொல்லவில்லை. ஹெமியனோப்சியா (இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பார்வை இல்லாமற்போதல்) என்றார் மருத்துவர். அந்தப் பக்கம் இருட்டாகவா தெரியும் என்று கேட்டேன். “உங்களுக்குத் தலைக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது?” என்று திருப்பிக் கேட்டார். அங்கே ஒன்று இல்லையென்பதே தெரியாதாம்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுத்தல்) காட்டியது மெனிஞ்சியோமா (மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளரும் கட்டி). மொன்றியலில் அறுவை செய்தார்கள். பெரிய இரத்தநாளம் ஒன்றோடு ஒட்டியிருந்த துண்டைத் தொட முடியவில்லை, அது வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்கள். இடப்பக்கப் பார்வையில் ஒரு சிறு கீற்று மட்டும் திரும்பி வந்தது. வண்டி ஓட்டும் அனுமதி போயிற்று. அன்று அவர் அழுதார். கட்டி என்று சொன்ன நாளில் அழாதவர்.

இப்போது தட்டைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடப் பழகிவிட்டார். கதவு நிலையில் இடது தோளை இடிப்பதும் குறைவு. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் வலப்பக்கமாக வாருங்கள். இடப்பக்கமாக வருவதென்றால் கதைத்துக்கொண்டு வாருங்கள். திடீரென்று தொட்டால் பதறிப்போவார்கள். என் கால்களும் எங்கே போனாலும் தாமாகவே அவருடைய வலப்பக்கத்துக்குப் போகின்றன. எங்கள் காலமும் ஒரு எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து அடுத்த படம் வரைக்கும்தான். அதற்கு அப்பால் எதையும் யோசிக்க மனம் துணிவதில்லை.

மகளுக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையை மேசைவிரிப்பின் இடப்பக்கத்துப் பூ ஒன்றின்மேல் வைப்பேன். திரும்பி வந்த கீற்றின் விளிம்பு அது. தலையைத் திருப்பாமல் அவருடைய கை அங்கே போனால் எனக்கு அன்றைய பொழுது நிம்மதி.

போன கிழமை அந்தக் கை மேசையைத் தடவித் தேடியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் ஒவ்வொரு நாளும் அந்தப் பூவிலை வைக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும்” என்றார்.

கோப்பையை அவர் பக்கமாக நகர்த்தினேன்.

“நாளைக்குக் கொஞ்சம் இஞ்சாலை, வலப்பக்கமா வையும்.”

அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். அடுத்த படத்தின் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தேத்தண்ணியை இப்போது அவர் கையிலேயே கொடுக்கிறேன்.